இவளே என்று ஒரு பெயர்

பிரசவ ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி வெளுக்கும் கூடத்துக்கும் சிலிண்டர் அடுக்கிய கொட்டகைக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பிறப்பு, இறப்புப் பதிவு என்று மேலே பலகை தொங்கும். முப்பத்து நாலு வருஷமாக அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளை டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை பேர்க்காரம்மா என்றுதான் சொல்வார்கள். காகிதத்தில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள். காது மந்தம் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். காதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பெயர் வைப்பது பெற்றவர்கள் பாடு, எழுதி முத்திரை குத்துவது மட்டும்தான் இவள் பாடு. ஆனால் பெற்றவர்கள் லேசுப்பட்டவர்களா என்ன? அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி என்று வெட்டி ஒட்டி, வாயில் நுழையாத ஒன்றைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று இவள் கேட்பாள்.

"அர்த்தம் எல்லாம் தெரியாது மேடம். புதுசா இருக்குல்ல?"

"புதுசாத்தான் இருக்கு. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல கூப்பிடுற வாத்தியாருக்குத்தான் நாக்கு சுளுக்கப் போகுது."

மேஜை இழுப்பறையில் அட்டை போன பெயர்ப் புத்தகம் ஒன்றைச் சணல் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தாள். அதைப் பிரிக்கவே தேவையில்லை, அத்தனை பெயருக்கும் அர்த்தம் மனப்பாடம். எப்போதாவது ஒருத்தர், மேஜைமேல் இருக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, "உங்க பேருக்கு என்ன அர்த்தம் மேடம்?" என்று கேட்டுவிடுவார்.

"நெடுங்காலம் வாழ்பவள்."

"ரொம்ப நல்ல அர்த்தம்."

"ஆமா, ரொம்ப நல்ல அர்த்தம். அடுத்த ஆள் வாங்க" என்பாள்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அவளுடைய அப்பா லாரி ஓட்டினார். முதல் பெண் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற குழந்தை. நம்பிக்கை வைக்காதீர்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மனிதர் கேட்பாரா? சரக்கு ஏற்றிக்கொண்டு போன வழியெல்லாம் வண்டியை நிறுத்தி, நீண்ட ஆயுசு என்று அர்த்தம் வருகிற பெயர் ஒன்று சொல்லுங்கள் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு டயர்க் கடைக்காரர் யோசித்துச் சொன்ன பெயர் அது. திரும்பி வந்ததும், பேனாவைக் காதில் செருகிக்கொண்டு இதே ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வந்து பதிந்துவிட்டுப் போனார். தெருவில் எல்லோருக்கும் பெயரைச் சொல்லி, எல்லோரையும் கூப்பிட வைத்தார். குழந்தையும் தேறியது. பதினொரு மாதம் இருந்தது. பிறகு நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டது.

பிறப்பைப் பதிய ஓடி வந்தவருக்கு இறப்பைப் பதிய அதே ஜன்னலுக்கு வரக் கால் எழவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டார். பிறப்புச் சான்றிதழ் தகரப் பெட்டியின் அடியில் கிடந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லாமல் வீட்டிலேயே பிறந்தவள்தான் நம் பேர்க்காரம்மா. அவளுக்குக் காகிதமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது காகிதம் எங்கே என்று கேட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்தார், தகரப் பெட்டியைத் திறந்தார், மூத்தவளின் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான். நாலு வயதுக் குழந்தை அன்றைக்கு ஆறரை வயதுக்காரி ஆகிவிட்டாள். வகுப்பில் எப்போதும் இவள்தான் குட்டை. வீட்டில் சோறு போடுகிறார்களா இல்லையா என்று ஒரு டீச்சர் ஆள் விட்டுக்கூடக் கேட்டார்.

விஷயம் இவளுக்குத் தெரிந்தது பதினைந்து வயதில். ஏதோ விண்ணப்பத்துக்குச் சான்றிதழை எடுத்தபோது, பிறந்த இடம் ஆஸ்பத்திரி என்று போட்டிருக்கிறதே, நான் வீட்டில்தானே பிறந்தேன் என்று அப்பாவைக் கேட்டாள். அவர் சிரித்தார்.

"வண்டி நின்னு போச்சு. நம்பர் பிளேட்டு நல்லா இருந்துச்சு. கழட்டிப் புது வண்டிக்கு மாட்டிட்டேன்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனாள். வெகுநேரம் வரவில்லை. அந்தச் சிரிப்பை இவள் கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை. அப்பா அழத் தெரியாமல் சிரித்தார் என்று பிற்காலத்தில் புரிந்தது. புரிந்தும் மன்னிக்கவில்லை.

அப்பாவைவிட அம்மாமேல்தான் மனத்தாங்கல் அதிகம். அம்மா இவளை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இவளே, அவ்வளவுதான். "இவளே, தண்ணி கொண்டா." "இவளே, எங்கடி போனே?" மற்ற அம்மாக்கள் பள்ளிக்கூட வாசலில் நின்று அழகழகான பெயர்களைக் கூப்பிடும்போது, இவள் அம்மா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இவளே" என்று ஒரு குரல் கொடுப்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆட்டுக்குட்டிக்குக்கூட ஒரு பெயர் வைக்கிறார்களே என்று இவளுக்கு வயிறு எரியும்.

"அவ பேரைச் சொல்ல உனக்கு மனசு வரலை, சரி. எனக்குன்னு ஒரு பேர் நீ நினைச்சு வைக்கவே இல்லையாம்மா?"

"போடி, போய் வேலையைப் பாரு."

இருபது வயதில் கேட்டாள், கல்யாணம் ஆனபோது கேட்டாள், எலெக்ட்ரீஷியன் புருஷன் போய்ச் சேர்ந்து அம்மாவோடு திரும்பவும் குடி வந்தபோதும் கேட்டாள். பதில் அதேதான்.

இதே ஜன்னலில் வேலை கிடைத்தது யார் செய்த வேடிக்கையோ தெரியவில்லை. அக்காவைப் பதிந்த பழைய பேரேடு இவளுக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. ஊரில் விட்டுப்போன சாவையெல்லாம் தேடிப் பிடித்துப் பதிய வைத்தவளால், அந்த ஒரு சாவை மட்டும் பதிய முடியவில்லை. பதிந்தால் காகிதப்படி செத்தவள் இவளாகிவிடுவாள்.

காகிதப்படி அறுபது நெருங்கியது. நிஜத்தில் ஐம்பத்தேழரை. இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு பெயிண்டரும் அவன் மனைவியும் ஜன்னலுக்கு வந்தார்கள். அவன் நகக்கண்ணெல்லாம் வெள்ளை பெயிண்ட். அவள் கையில் பத்து நாள் குழந்தை.

"மேடம், பேர் புதுசா வேண்டாம். போன வருஷம் பொறந்த பொண்ணுக்கு இங்கேயேதான் எழுதினோம். அதையே இதுக்கும் வச்சுக்கலாம்ல? அது இப்போ..." என்று இழுத்து நிறுத்தினான்.

"அது இப்போ?"

"இல்ல மேடம்."

"இல்லைன்னு எழுதினியா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். பேர்க்காரம்மாவுக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியவில்லை. இரண்டு விண்ணப்பங்களை எடுத்து ஜன்னல் வழியே தள்ளினாள்.

"இது போனதுக்கு. இது வந்ததுக்கு. ரெண்டையும் எழுதிட்டுத்தான் இங்கேயிருந்து நகரணும்."

"மேடம், வீட்டுல அழுவாங்க..."

"அழட்டும். அழவேண்டியதுதான். அதுக்காக இந்தப் பச்சை மண்ணு தலையில இன்னொருத்தி ஆயுசைக் கட்டிவிடுவியா?"

அவன் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனான். பேர்க்காரம்மா அந்தப் பெண்ணைப் பார்த்து, குரலைத் தணித்துக் கேட்டாள்.

"உன் மனசுல என்ன பேர் இருக்கு?"

கேட்டதுதான் தாமதம், அந்தப் பெண் ஒரு பெயரைச் சொன்னாள். "வயித்துல இருக்கும்போதே வச்சிட்டேங்க்கா. யாரும் கேக்கலை." அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றைக்குப் பேர்க்காரம்மாவுக்கு வேலை ஓடவில்லை. எல்லா அம்மாவும் ஒன்று வைத்திருக்கிறாள். அப்படியானால் நம் அம்மாவும் வைத்திருப்பாள். கேட்கிற விதத்தில் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் கேட்க இனி அவகாசமில்லை. அம்மாவுக்கு எண்பது ஆகிறது. போன வருஷத்திலிருந்தே நினைவு விட்டு விட்டுத்தான் வருகிறது. காலையில் டீ குடித்தது மறந்துபோகும், அறுபது வருஷத்துக்கு முந்திய லாரியின் நம்பர் சரியாக இருக்கும். அம்மா முழுசாக மறப்பதற்குள் அந்தப் பெயரை வாங்கிவிட வேண்டும். ஒரு முறை கேட்டுவிட்டால் போதும். காகிதத்தில் ஏற வேண்டாம், யாரும் கூப்பிட வேண்டாம்.

அவர்கள் வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. பகலில் எதிர் வீட்டுத் தையல்காரி கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, மெஷினை மிதித்தபடியே அம்மாவைப் பார்த்துக்கொள்வாள். அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக இவள் கேட்டாள்.

"அம்மா, நான் பொறந்தப்போ எனக்கு என்ன பேர் வைக்க நினைச்சே?"

"யாருக்கு?"

"எனக்கு."

"நீ யாரு?"

சரி, இது வேலைக்காகாது என்று மறுநாள் பெயர்ப் புத்தகத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தினமும் சாயங்காலம் நாலைந்து பக்கம் வாசிப்பாள். வாசித்தபடி ஓரக்கண்ணால் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். ஏதாவது ஒரு பெயரில் கண் சிமிட்டாதா, உதடு அசையாதா என்று. அம்மாவோ எல்லாப் பெயருக்கும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று தலையாட்டினாள். ஆண் பிள்ளைப் பெயருக்கும் நல்லா இருக்கு என்றாள். மூன்று வாரத்தில் புத்தகம் தீர்ந்துவிட்டது.

"ஏங்க்கா, பரீட்சைக்கா படிக்கிறீங்க?" என்று தையல்காரி கிண்டல் செய்தாள்.

"ஆமா. பெயிலாயிட்டேன்" என்றாள் இவள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு ஆகி, ஜன்னலோரக் கட்டிலில் அம்மா சாய்ந்திருந்தாள். இவள் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஆபீசுக்கு எழுத வேண்டிய ஓய்வு விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் கையிலிருந்த பேனாவையே உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்து நேராக உட்கார்ந்து, முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"எழுதறதுக்கு வந்தீங்களாம்மா?"

பெயர் எழுத வந்த ஆஸ்பத்திரி ஆள் என்று அம்மா தன்னை நினைத்துவிட்டாள் என்று இவளுக்குப் புரிந்தது. பிறகு முப்பத்து நாலு வருஷத்துப் பழக்கம் தானாகவே வாயில் வந்தது.

"ஆமாங்க. எத்தனை குழந்தை?"

"ரெண்டு. ரெண்டும் பொண்ணு."

"மூத்த குழந்தை பேர் சொல்லுங்க."

அம்மா சொன்னாள். ஐம்பத்தேழரை வருஷத்தில் அம்மா வாயால் அந்தப் பெயரை இவள் கேட்டது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில், ஆபீசில், கல்யாணப் பதிவில் எத்தனையோ பேர் சொன்ன பெயர். அதை இவ்வளவு அழகாகச் சொல்ல முடியும் என்று இவளுக்குத் தெரியாது. அது அக்காவுடையது என்பதில் அதற்குமேல் ஒரு சந்தேகமும் மிச்சமில்லை.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேங்க."

"அது இல்லைன்னும் எழுதிக்கங்க. அவரு வந்து சொல்லவே இல்லை. பதினொரு மாசம் இருந்தா. பல்லு ரெண்டு முளைச்சிருந்துச்சு. அதையும் எழுதிக்கங்க."

விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் இவள் எழுதினாள். பல்லையும் எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக வந்தது.

"ரெண்டாவது குழந்தை பேர்?"

"அதை எழுதாதீங்க."

"பேர் வைக்கலையா? மனசுல ஏதாவது நினைச்சிருப்பீங்களே."

"நினைக்கலை. நினைக்கக் கூடாதுன்னு இருந்தேன்." அம்மா குரலை இறக்கி, கிட்டே வரும்படி கையைக் காட்டினாள். "மூத்ததுக்கு அவரு ஊர் ஊராக் கேட்டு, நெடுநாள் இருப்பான்னு அர்த்தம் பார்த்து வச்சாரு. தெருவே கூப்பிட்டுச்சு. நாளு பூரா கூப்பிட்டுக் கூப்பிட்டு, இதோ இங்கேதான் இருக்கான்னு நாங்களே காட்டிக் கொடுத்துட்டோம். வந்து எடுத்துட்டுப் போயிடுச்சு. சின்னவளை விட மாட்டேன். பேர் தெரிஞ்சாத்தானே தேடி வரும்?"

"அப்போ எப்படிக் கூப்பிடுவீங்க?"

"இவளேன்னு கூப்பிடுவேன். ஊர்ல எத்தனையோ இவளே. யாரைக் கூப்பிடுறேன்னு அதுக்கு எங்கே தெரியப்போகுது? அவளுக்குத் தெரியும். அது போதும்."

பேர்க்காரம்மா பேனாவை மூடினாள். இத்தனை வருஷம் திட்டு என்று நினைத்த சொல். வாசலில் நின்று கூப்பிடும்போதெல்லாம் இவளை ஓடி ஒளிய வைத்த சொல். புத்தகம் முழுக்கத் தேடியும் கிடைக்காமல் போனது ஏன் என்று இப்போது தெரிந்தது. அடக்கமாட்டாமல் அழுகை வந்துவிட்டது.

"அம்மா, நான்தாம்மா அது. நான்தான் இவ."

அம்மா அவளுடைய நரைத்த தலையைப் பார்த்து, இரக்கத்தோடு சிரித்தாள்.

"நீங்க ஆஸ்பத்திரி அம்மா. அவ சின்னப் புள்ள. பள்ளிக்கூடம் போயிருக்கா. நாலு மணிக்கு வந்துடுவா."

கடிகாரத்தில் மூன்றே முக்கால். இவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கிக் கீழே போனாள். நாலு மணி வரை தெருவில் நின்றாள். பிறகு ஏறி வந்தாள். ஐம்பத்தேழரை வயதில், மூட்டு வலியோடு, ஒரே மூச்சில் ஏறினாள். கதவு திறந்திருந்தது. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இவள் உள்ளே வந்து நின்றாள்.

"கொஞ்சம் ஒதுங்கி நில்லும்மா. வழி தெரியலை" என்றாள் அம்மா.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு மணிக்கு இவள் படி இறங்கிப் போய் ஏறி வந்தாள். ஒரு தடவையாவது அடையாளம் தெரியாதா என்ற நப்பாசைதான். தெரியவில்லை. எதிர் வீட்டுத் தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

ஓய்வுக்கு ஒன்பது நாள் இருந்தபோது, ஒரு வேலை நாளில், மத்தியானம் தையல்காரி போன் செய்தாள். இவள் ஜன்னலைச் சாத்திவிட்டு ஓடி வந்தாள். அம்மாவின் மூச்சு மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் வாசலில் இருந்தது.

"இவ வந்துட்டாளா?"

"வந்துட்டா."

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா. விளையாடிக்கிட்டு இருக்கா."

"யாருக்கும் தெரியாதே?"

"யாருக்கும் தெரியாதும்மா" என்றாள்.

மூன்றாம் நாள் அவள் ஆபீசுக்குப் போய், தன் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, அம்மாவின் சாவைத் தானே பதிந்தாள். தகவல் தருபவர் பெயர் என்ற இடம் வந்தது. அங்கே அக்காவின் பெயரை எழுதினாள். உறவு, மகள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்தினாள். அம்மா ஒளித்து வைத்த இடத்தில் அவள் பத்திரமாகத்தான் இருந்தாள். கூப்பிடத்தான் ஆளில்லை.

வீட்டுக்குக் கிளம்பி பிரசவ வார்டைத் தாண்டும்போது, இளைய எழுத்தர் பின்னாலேயே வந்து அவளைக் காகிதப் பெயர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டான். அவளுக்கு உறைக்கவே இல்லை. அப்போது வார்டுக்குள்ளிருந்து, யாரோ ஒரு அம்மா யாரோ ஒரு மகளிடம் சொன்னாள்.

"இவளே, அந்தப் போர்வையை எடு."

பேர்க்காரம்மா சட்டென்று திரும்பிவிட்டாள். "இதோ வந்துட்டேன்" என்று சொல்லியும்விட்டாள். கட்டிலில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.